விடியற்காலை நாலு மணிக்குக் கத்தும் இன்வெர்ட்டர்: தோட்டத்து சோலாரில் கோளாறு பிடிக்கும் வழி

தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் கரண்ட் கம்பம், மாடு கட்டும் கட்டுத்தறியிலிருந்து ஏறக்குறைய அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. லைன் இழுப்பதற்கு ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு, கட்டுத்தறிக்கும் அதை ஒட்டிய தீவன அறைக்கும் தனியாக சோலார் போட்டுக்கொண்டோம். 24 வோல்ட் அமைப்பு. 12 வோல்ட், 150 ஆம்ப்-ஹவர் ட்யூபுலர் (லெட்-ஆசிட் வகை) பேட்டரி இரண்டு, 335 வாட் பேனல் இரண்டு, 2 கே.வி.ஏ இன்வெர்ட்டர் ஒன்று. முதல் வருடத்தில் அதில் வராத கோளாறு இல்லை. ஒவ்வொன்றையும் பிரித்து மேய்ந்தபோது, பாதிக்கு மேல் பொருளில் இல்லை, நாங்கள் போட்ட கணக்கில்தான் இருந்தது என்று தெரிந்தது. அதனால் ஏற்கெனவே போட்டுவிட்டுத் தவிப்பவர்களோடு, இனிமேல் போடப்போகிறவர்களும் இதைப் படிக்கலாம். கோளாறு என்ன என்பதிலிருந்து பின்னோக்கிப் போனால் திட்டத்தில் எதை விட்டோம் என்பது தானாக வெளியே வரும்.

ஆரம்பிக்கும் முன் மூன்று சாமான்கள் வேண்டும். மல்டிமீட்டர், கிளாம்ப் மீட்டர், பேட்டரி ஆசிட் பார்க்கும் ஹைட்ரோமீட்டர். கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது டி.சி ஆம்ப் காட்டுமா என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்தவை பெரும்பாலும் ஏ.சி மட்டும்தான் காட்டும், சோலார் வேலைக்கு அது தண்டம். கூடவே ஒரு நோட்டு.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பேனல் ஒயரில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது, பேனல் ஒயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டரைப் பிடுங்காதீர்கள். டி.சி தீப்பொறி ஏ.சி மாதிரி உடனே அணையாது, இழுத்த தூரத்துக்கு நீளும். வீட்டு ஏ.சி பிரேக்கரைப் பேனல் பக்கம் போட்டிருந்தால் அதற்கும் இதே ஆபத்து. டி.சி என்று எழுதிய பிரேக்கர்தான் அங்கே இருக்க வேண்டும். வேலை செய்யும்போது முதலில் பேனலை நிறுத்துங்கள், அப்புறம் பேட்டரி. திரும்ப இணைக்கும்போது முதலில் பேட்டரி, அப்புறம் பேனல். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் கன்ட்ரோலர்; பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் கொடுத்தால் சில கன்ட்ரோலர்கள் அன்றோடு சரி.

விடியற்காலையில் இன்வெர்ட்டர் கத்துகிறது

எங்களுக்கு வந்த முதல் நோய் இதுதான். சாயங்காலம் டிஸ்பிளேயில் பேட்டரி நிறைந்திருப்பதாகக் காட்டும். விடிய நாலு மணி சுமாருக்கு பீப் பீப் என்று ஆரம்பித்து, பால் கறக்கிற நேரத்துக்கு விளக்கு போய்விடும். பார்க்க வந்தவர், "தம்பி, பேட்டரி போச்சுங்க, ரெண்டையும் மாத்திப்போடுங்க" என்றார். பேட்டரி வாங்கி ஏழே மாதம்.

பேட்டரியைக் குறை சொல்லும் முன் ராத்திரி எவ்வளவு இழுக்கிறோம் என்று எழுதிப் பாருங்கள். எங்கள் கணக்கு இது. கட்டுத்தறியில் 75 வாட் மின்விசிறி இரண்டு, பத்து மணி நேரம்: 1500 வாட்-ஹவர். 20 வாட் எல்.இ.டி ட்யூப் நான்கு, ஐந்து மணி நேரம்: 400. கேமராவும் அதன் ரவுட்டரும் சேர்ந்து 10 வாட், சாயங்காலம் ஐந்து முதல் காலை ஏழு வரை பதினான்கு மணி நேரம்: 140. ஆக 2040. இன்வெர்ட்டர் வழியாகப் போவதால் வரும் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து போவது சுமார் 2400.

இதுவரை எல்லோரும் போடுகிற கணக்கு. நாங்கள் விட்டது அடுத்தது. எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, பேட்டரி ஒயரில் கிளாம்ப் மீட்டரைப் போட்டுப் பார்த்தேன். 1.2 ஆம்ப். அதாவது எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருப்பதற்கே இன்வெர்ட்டர் 30 வாட் தின்கிறது. பதினான்கு மணி நேரத்துக்கு 420 வாட்-ஹவர். நான்கு ட்யூப்லைட் ஒரு ராத்திரிக்குச் சாப்பிடுவதைவிட அதிகம்! மொத்தம் 2820.

பேட்டரி என்ன வைத்திருக்கிறது? 24 வோல்ட் பெருக்கல் 150, 3600 வாட்-ஹவர். நாங்கள் தினமும் அதில் 78 சதவீதத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தோம். லெட்-ஆசிட் பேட்டரியைத் தினமும் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் வேகமாகக் கரையும். ஆக, பேட்டரி போகவில்லை. போய்க்கொண்டிருந்தது.

நாங்கள் பேட்டரியை மாற்றவில்லை, மின்விசிறியை மாற்றினோம். கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி வகை, 30 வாட் விசிறி இரண்டு போட்டதும் 1500 என்பது 600 ஆனது. ராத்திரிச் செலவு 1760க்கு இறங்கியது, பேட்டரியில் பாதிக்குச் சற்றுக் கீழே. கூடுதல் பேட்டரி வாங்கியிருந்தால் ஆகும் பணத்தில் சிறு பங்குதான் விசிறிக்கு ஆனது. புதிதாகப் போடுகிறவர்கள் பேட்டரியைத் தேர்வு செய்வதற்கு முன்பே விசிறியைத் தேர்வு செய்துவிட வேண்டும் என்பேன்.

கணக்கு சரியாக இருந்தும் கத்தினால் பேட்டரியைப் பாருங்கள். சார்ஜும் லோடும் இல்லாமல் இரண்டு மூன்று மணி நேரம் ஓய்வு கொடுத்து அளந்தால், நிறைந்த ட்யூபுலர் ஜோடி 25 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். 24.4 என்றால் ஏறக்குறைய பாதி. அதோடு ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒன்று 12.6, மற்றது 11.9 என்று வந்தால் நோயாளி யார் என்று தெரிந்துவிட்டது. அந்தப் பேட்டரியின் ஆறு செல்லிலும் ஹைட்ரோமீட்டரை விட்டு ஆசிட்டின் அடர்த்தியைப் பாருங்கள். ஐந்து செல் 1.230, 1.240 என்று இருக்க, ஒன்று மட்டும் 1.150 காட்டினால் அந்த செல் செத்துவிட்டது. ஆறுமே ஒன்றுபோல 1.190 காட்டினால் சாவு இல்லை, பட்டினி. அப்படிப்பட்ட பேட்டரிக்கு சார்ஜ் போதவில்லை என்று அர்த்தம், அடுத்த பகுதிக்குப் போங்கள்.

பேட்டரி லேபிளில் இன்னொரு சூட்சுமம். சோலாருக்கான பேட்டரியில் சி10 என்று போட்டிருக்கும். 150 என்றால் 15 ஆம்ப் வீதம் பத்து மணி நேரம். வீட்டு இன்வெர்ட்டருக்கான பேட்டரியில் சி20 இருக்கும், 7.5 ஆம்ப் வீதம் இருபது மணி நேரம். இரண்டிலும் 150 என்று பெரிதாக எழுதியிருந்தாலும், சி20 பேட்டரியை 15 ஆம்ப்பில் இழுத்தால் 150 கிடைக்காது. விலை குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷப்படும் முன் அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

வெயில் கொளுத்துகிறது, சார்ஜ் ஏறவில்லை

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். மதியம் ஒரு மணிக்குப் பேனலிலிருந்து 2 ஆம்ப்தான் வருகிறது என்று பதறி என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். பேட்டரி நிறைந்துவிட்டால் கன்ட்ரோலர் தானே கரண்டைக் குறைக்கும். அது கோளாறு அல்ல, ஒழுக்கம். சோதிக்க எளிய வழி: எல்லா விசிறியையும் விளக்கையும் போடுங்கள். பேனல் ஆம்ப் உடனே ஏறினால் எல்லாம் நலம். ஏறாவிட்டால்தான் தேட வேண்டும். இந்தச் சோதனையைக் காலை பத்து, பதினொரு மணிக்குச் செய்வது நல்லது, பேட்டரி பசியோடு இருக்கும் நேரம் அது.

ஏறவில்லை, சரி. பேனலை நிறுத்தி, கன்ட்ரோலருக்கு வரும் ஒயரில் வோல்ட் பாருங்கள். 72 செல் கொண்ட 335 வாட் பேனல் ஒன்றுக்கு, லோடு இல்லாதபோது 40 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லை என்றால் ஃபியூஸ் அல்லது அறுந்த ஒயர். வோல்ட் முழுதாக இருந்து ஆம்ப் மட்டும் வரவில்லை என்றால் எங்கேயோ இணைப்பு ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிறது, பெரும்பாலும் எம்.சி.4 கனெக்டரில். அமுக்கும் கருவி இல்லாமல் கட்டிங் பிளேயரால் நசுக்கிய கனெக்டர்கள் ஒரு வருடத்தில் கருகும். தொட்டுப் பாருங்கள், மற்றவை சாதாரணமாக இருக்க, ஒன்று மட்டும் சுட்டால் அதுதான்.

வோல்ட் சரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்து 30 சுமாருக்கு நின்றால், பேனலின் பின்னால் இருக்கும் பெட்டியில் உள்ள மூன்று பைபாஸ் டையோடுகளில் (நிழல் விழுந்த செல் வரிசையை ஒதுக்கிவிட்டுக் கரண்டை விடுபவை) ஒன்று ஷார்ட் ஆகியிருக்கலாம். பக்கத்தில் இடி விழுந்த பிறகு இப்படி ஆவதுண்டு.

எல்லாம் முழுதாக இருந்தும் எதிர்பார்த்த வாட் வரவில்லை என்றால், கோளாறு கன்ட்ரோலரின் சாதியில் இருக்கலாம். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பி.டபிள்யூ.எம் கன்ட்ரோலர் என்பது ஒரு சுவிட்ச் மாதிரி; பேனலை நேராகப் பேட்டரியோடு கோர்த்துவிடும். 335 வாட் பேனல் 38 வோல்ட்டில் 8.8 ஆம்ப் கொடுப்பது. அதை 12 வோல்ட் பேட்டரியில் பி.டபிள்யூ.எம் வழியாக மாட்டினால், ஆம்ப் அதே 8.8, வோல்ட் பேட்டரியின் 13. பெருக்குங்கள்: 115 வாட். மூன்று பங்கு பணம் கொடுத்து ஒரு பங்கு கரண்ட். 24 வோல்ட் பேட்டரியில் மாட்டினால் 230 வாட், அதிலும் 100 வாட் போச்சு. எம்.பி.பி.டி கன்ட்ரோலர் மிஞ்சும் வோல்ட்டை ஆம்ப்பாக மாற்றிக் கொடுக்கும். "சோலார் இன்வெர்ட்டர்" என்று எழுதி விற்கும் பெட்டிகளில் பல உள்ளே பி.டபிள்யூ.எம்தான், கேட்காமல் யாரும் சொல்வதில்லை.

எம்.பி.பி.டி வாங்கியவர்களுக்கும் ஒரு குழி இருக்கிறது. அது தாங்கும் அதிகபட்ச வோல்ட் அதன் மேலேயே எழுதியிருக்கும். 100 வோல்ட் கன்ட்ரோலரில் இப்போதைய 540 வாட் பேனல் இரண்டை சீரீஸில் போட்டால், ஒன்றுக்கு 49.5 என்று 99 வோல்ட். கணக்குப்படி தப்பித்தோம் என்று தோன்றும். ஆனால் லேபிளில் இருக்கும் வோல்ட் 25 டிகிரியில் அளந்தது. குளிரக் குளிர வோல்ட் ஏறும். மார்கழிக் காலை 18 டிகிரியில் அது 101 ஆகிவிடும். கோடையில் வாங்கி எட்டு மாதம் நன்றாக ஓடிய கன்ட்ரோலர் தை பிறப்பதற்குள் புகைந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். 150 வோல்ட் தாங்கும் கன்ட்ரோலர் எடுங்கள்.

ஒயர் நீண்டுபோனால் 24 வோல்ட் அமைப்பு ஓரளவு மன்னிக்கும், 12 வோல்ட் மன்னிக்காது. எங்கள் ஆட்டுப்பட்டிக்குத் தனியாக 12 வோல்ட் பேனல் ஒன்று, 150 வாட், 30 மீட்டர் தள்ளி வைத்தோம். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். போக வர 60 மீட்டருக்கு 0.3 ஓம் வருகிறது, 8.3 ஆம்ப்புக்கு இரண்டரை வோல்ட் வழியிலேயே போய்விடுகிறது. வெயிலில் சூடேறிய பேனல் 15.5 வோல்ட் கொடுத்தால் பேட்டரிக்கு வந்து சேர்வது 13. ட்யூபுலர் நிறைய 14.4 வேண்டும். மாதக்கணக்கில் அந்தப் பேட்டரி நிறையவே இல்லை. நாங்கள் பேனல் மட்டம் என்று திட்டிக்கொண்டிருந்தோம். பேட்டரியையும் கன்ட்ரோலரையும் பேனல் பக்கத்திலேயே தூக்கி வைத்ததும் பிரச்சினை தீர்ந்தது.

சித்திரையில் நன்றாக இருந்தது, ஐப்பசிக்குப் பிறகு படுத்துவிட்டது

இரண்டு காரணங்கள், இரண்டும் வானத்தில்.

ஒன்று நிழல். எங்கள் ஊர் 10.7 டிகிரி வட அகலாங்கில் இருக்கிறது. சித்திரை தொடக்கத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும், மரத்தின் நிழல் மரத்தின் காலடியிலேயே விழும். அந்த நேரத்தில் வந்து இடம் பார்த்தால் எந்த இடமும் நிழல் இல்லாத இடம்தான். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். நண்பகலில்கூட 50 அடி தென்னையின் நிழல் வடக்கே 34 அடி நீளும். காலை ஒன்பதே கால் மணி சுமாருக்கு உயரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, 73 அடி. கூரைக்குத் தென்கிழக்கில் எட்டத்தில் நின்ற தென்னை ஒன்று மார்கழி முழுவதும் காலை இரண்டு மணி நேரத்தைத் தின்றது. நிழல் பேனலில் கையகலம் விழுந்தாலும் அந்தப் பகுதியின் செல் வரிசை முழுவதையும் பைபாஸ் டையோடு ஒதுக்கிவிடும், பேனலில் மூன்றில் ஒரு பங்கு போகும்.

ஆனி, ஆடியில் சூரியன் வடக்கே போகும் என்பதையும் மறக்க வேண்டாம். அப்போது வடகிழக்கு மூலையில் இருக்கும் வேம்பு காலையில் கணக்கு கேட்கும். இடம் பார்க்கும்போது தெற்குப் பக்கத்து மரங்களின் உயரத்தை மதித்து, அதில் ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் பேனல் வராமல் பார்த்துக்கொண்டால் போதுமானது. சாய்வு 10 முதல் 12 டிகிரி, தெற்கு நோக்கி. அதற்கும் குறைத்தால் மழைத் தண்ணீர் வழியாமல் அடி ஓரத்தில் தூசி சேறாக உறையும்.

இரண்டாவது காரணம் மழைக்காலக் கணக்கு. பகல் செலவு, சார்ஜ் இழப்பு எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஒரு நாளைக்குப் பேனலிலிருந்து 2600 வாட்-ஹவர் வேண்டும். 670 வாட் பேனலுக்கு, மாசி பங்குனியில் ஐந்தரை மணி நேர முழு வெயில் என்று வைத்து, சூடு, தூசி, ஒயர் இழப்புக்குக் கால்வாசியைக் கழித்தால் 2760. போதும். வடகிழக்குப் பருவமழையில் மேகம் மூடிய வாரத்தில் மூன்று மணி நேர வெயில் கிடைத்தால் அதே பேனல் 1500தான் தரும். தினமும் 1100 பற்றாக்குறை. இரண்டாம் நாள் ராத்திரியே படுத்துவிடும்.

இதற்குப் பேட்டரியைக் கூட்டச் சொல்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வராத கரண்டைச் சேர்த்துவைக்க பெரிய பாத்திரம் எதற்கு? பேனலைக் கூட்டுங்கள். நாங்கள் இன்னும் இரண்டு போட்டு நான்காக்கினோம், கன்ட்ரோலரையும் பெரிய எம்.பி.பி.டியாக மாற்றினோம். மூன்று மணி நேர வெயிலிலும் 3000 வருகிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: நல்ல வெயில் நாளில் நான்கு பேனலும் சேர்ந்து 40 ஆம்ப்புக்கு மேல் தள்ளும், 150 ஆம்ப்-ஹவர் ட்யூபுலருக்கு அது அதிகம். கன்ட்ரோலரில் சார்ஜ் கரண்டை 30க்கு மேல் போகாமல் கட்டி வைத்தோம்.

மோட்டாரைப் போட்டதும் டிரிப் ஆகிறது

மோட்டார் ஓடும்போது இழுப்பது வேறு, கிளம்பும்போது இழுப்பது வேறு. கிளம்பும் அந்த நொடியில் ஐந்து முதல் ஏழு மடங்கு கேட்கும். அரை எச்.பி பால் கறவை இயந்திரம் ஓடும்போது 550, 600 வாட்தான். கிளம்பும்போது 3 கே.வி.ஏ தாண்டும். எங்கள் 2 கே.வி.ஏ பெட்டி சில நாள் தாங்கியது, சில நாள் டிரிப் ஆனது. இந்த "சில நாள்" என்பதுதான் துப்பு.

இருவர் வேண்டும். ஒருவர் மோட்டாரைப் போட, மற்றவர் அந்த நொடியில் வோல்ட் பார்க்க. முதலில் பேட்டரி முனையிலேயே, அப்புறம் இன்வெர்ட்டரின் டெர்மினலில். பேட்டரியில் 24 நிற்க, இன்வெர்ட்டரில் 22 என்றால் இடையில் இருக்கும் ஒயரோ, அதன் நுனியில் மாட்டும் உலோக வளையமான லக்கோ தின்கிறது. பேட்டரியே 20க்கு விழுந்தால் பேட்டரி சோர்ந்திருக்கிறது. இரண்டும் விழாமல் டிரிப் ஆனால் இன்வெர்ட்டர் சிறியது, அவ்வளவுதான்.

எங்களுடையது லக். கழற்றிப் பார்த்தால் பச்சை பூத்திருந்தது. கட்டுத்தறியில் மாட்டு மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். நகரத்து மாடியில் பத்து வருடம் இருக்கும் இணைப்பு இங்கே ஒரு வருடத்தில் பச்சையாகும். மணல்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் பூசினோம். அப்புறம் இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் தீவன அறையின் வடக்குச் சுவருக்கு வெளிப்பக்கம் மாற்றினோம். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. ஆனால் வைக்கோல் அடுக்கும் அறைக்குள் வைக்காதீர்கள்: சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், இன்வெர்ட்டரில் பொறி வரும், மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை. குறுக்கே சுவரும், மேலே காற்றுப் போக வழியும் வேண்டும்.

சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால் மோட்டார் உறுமிக்கொண்டே சூடாகும். கம்பத்துக் கரண்ட் மாதிரி சீரான அலை கொடுக்கும் சைன் வேவ் இல்லாத பெட்டியை மோட்டார் இருக்கும் இடத்துக்கு வாங்காதீர்கள். 2 எச்.பி புல் வெட்டும் இயந்திரத்தை இந்த அளவு அமைப்பில் ஓட்ட நினைப்பது வீண். கிணற்று மோட்டாரும் அப்படித்தான். அதற்கு பேட்டரி இல்லாமல் பேனலிலிருந்து நேராக ஓடும் சோலார் பம்ப் இருக்கிறது, 2019இல் வந்த மத்திய அரசின் பி.எம்-குசும் திட்டத்தில் மானியமும் கொடுக்க ஆரம்பித்தார்கள். வெயில் இருக்கும்போது தண்ணீரை மேலே ஏற்றித் தொட்டியில் வைத்துவிட்டால் அந்தத் தொட்டியே பேட்டரி. டிஸ்டில்டு வாட்டர்கூட ஊற்ற வேண்டாம்.

பேட்டரியில் தண்ணீர் சீக்கிரம் குறைகிறது

கன்ட்ரோலர் செட்டிங்கைப் பாருங்கள். 24 வோல்ட் ட்யூபுலர் ஜோடிக்கு முழுச் சார்ஜ் 28.8, நிறைந்த பிறகு 27 முதல் 27.6. இந்த எண்கள் 25 டிகிரிக்கு உரியவை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் சித்திரையில் 40 டிகிரி அடிக்கும்போது 28.8 கொடுத்தால் கொதிக்கும், ஏறக்குறைய 0.7 வோல்ட் குறைக்க வேண்டும். வெப்பத்தை உணரும் சென்சார் ஒயரோடு வரும் கன்ட்ரோலர் இதைத் தானே செய்யும், அந்த ஒயரைப் பேட்டரி மேல் ஒட்டாமல் பெட்டியிலேயே சுருட்டி வைத்திருப்பவர்கள் இப்போதே போய் ஒட்டுங்கள்.

ஒரு பேட்டரி மட்டும் குடிக்கிறது என்றால் சார்ஜ் ஏறும்போது இரண்டையும் தனித்தனியாக அளங்கள். ஒன்று 13.8, மற்றது 15 என்று பிரிந்து நின்றால் ஜோடி பொருந்தவில்லை. பழையதோடு புதியதைக் கட்டிவைத்தால் இப்படித்தான் நடக்கும். போர்த் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஆர்.ஓ தண்ணீரும் வேண்டாம்.

மாடு தொட்டிப் பக்கம் போக மறுக்கிறது

இதை சோலார் கோளாறு என்று நாங்கள் நினைக்கவே இல்லை. தண்ணீர்த் தொட்டியில் வாயை வைக்கும், வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். காலைத் தூக்கித் தூக்கி வைக்கும். வாயில் புண்ணா என்று பார்த்தோம், தண்ணீரை மாற்றினோம். அப்பாதான் ஒரு நாள், "விசிறியை நிறுத்தினா குடிக்குதுடா" என்றார்.

மாட்டுக்கு நான்கு கால், நனைந்த தரை, செருப்பு கிடையாது. நமக்குத் தெரியாத இரண்டு மூன்று வோல்ட் கசிவே அதற்கு உறைக்கும். மீட்டரை ஏ.சி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைத் தொட்டியின் இரும்புக் குழாயிலும், மறுமுனையை மாடு நிற்கும் ஈரத் தரையில் வைத்த தகரத் துண்டிலும் பிடியுங்கள். டிஜிட்டல் மீட்டர் சும்மாவே பேய் வோல்ட் காட்டும். அதனால் இரண்டு முனைக்கும் குறுக்கே 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து மறுபடி பாருங்கள். மாட்டின் உடலுக்கு ஏறக்குறைய அவ்வளவு தடை. ரெசிஸ்டர் வைத்த பிறகும் எண் நின்றால் அது நிஜம். எங்களுக்கு 4 வோல்ட் நின்றது.

ஒவ்வொரு சுவிட்சாக நிறுத்திப் பார்த்ததில் ஒரு விசிறி ஒயரை எலி கடித்து, செம்பு கூரை இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. ஆனால் கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்சான 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி போட்டிருந்தோமே, ஏன் விழவில்லை? கம்பத்துக் கரண்டோடு சேராத ஆஃப்-கிரிட் இன்வெர்ட்டரின் நியூட்ரல் பெரும்பாலும் எர்த்தோடு சேராமல் மிதக்கும். நியூட்ரல் ஓரிடத்தில் எர்த்தோடு கட்டப்படாத வரை கசிந்த கரண்ட் திரும்பிவர முறையான வழி இல்லை, ஆர்.சி.சி.பி வெறும் அலங்காரம். வயரிங் செய்தவர் ஆர்.சி.சி.பியை மாட்டினார், இதை விட்டுவிட்டார். டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுந்ததால் நாங்களும் நம்பிவிட்டோம். அந்தப் பட்டன் எர்த்தைச் சோதிப்பதில்லை.

இதை மட்டும் நீங்களே செய்யாதீர்கள். சில இன்வெர்ட்டர்களில் நியூட்ரலை எர்த்தோடு கட்டக் கூடாது, கட்டினால் பெட்டி போய்விடும். பெட்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்து, லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். கூடவே தொட்டிக் குழாய், கட்டுத்தறிக் கம்பி, கூரை இரும்பு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்து ஒரே எர்த்தில் இறக்கச் சொல்லுங்கள். எல்லா இரும்பும் ஒரே வோல்ட்டில் இருந்தால் மாட்டுக்கு எங்கும் வித்தியாசம் தெரியாது. பன்றியை விரட்ட வேலிக் கம்பிக்கு ஷாக் கொடுக்கும் எனர்ஜைசர் வைத்திருந்தால் அதன் எர்த் கம்பி கட்டுத்தறி எர்த்திலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

மற்றவை

லித்தியம் பேட்டரி எந்த அறிவிப்பும் இல்லாமல் அணைந்து, மீட்டரில் 0 வோல்ட் காட்டினால் உள்ளே இருந்து பேட்டரியைக் காக்கும் பி.எம்.எஸ் சர்க்யூட் கதவைச் சாத்திக்கொண்டது என்று அர்த்தம். லோடை எடுத்துவிட்டு சார்ஜ் கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். அடிக்கடி நடந்தால் கன்ட்ரோலர் இன்னும் லெட்-ஆசிட் செட்டிங்கில் இருக்கிறதா என்று பாருங்கள்; ஈக்வலைஸ் என்பதை (செல்களைச் சமப்படுத்த வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் சார்ஜ்) லித்தியத்துக்கு அணைத்தே வைக்க வேண்டும்.

ஆடி மாதத்துக்குப் பிறகு வரும் கோளாறுகளில் காற்றைச் சந்தேகியுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் பேனல் போல்ட்டையே தளர்த்தும். தொங்கும் ஒயர் தகர ஓரத்தில் உரசி உரசித் தோல் போயிருக்கும். பேனலில் வெள்ளைத் திட்டு இருந்தால் அது தூசி அல்ல, உப்புத் தண்ணீரில் கழுவியதன் உப்பு. மழைத் தண்ணீர் பிடித்துவைத்து, விடிந்ததும் சூடேறும் முன் கழுவுங்கள்.

இன்வெர்ட்டர் காரணமே இல்லாமல் ஃபியூஸைப் போக்கினால் மூடியைத் திறந்து பாருங்கள், பேனலை நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து. எங்களுக்கு ஒரு தடவை பல்லி, ஒரு தடவை எறும்புப் புற்று. காற்றுப் போகும் ஓட்டைகளில் கொசுவலைக் கம்பியை ஒட்டினோம். அதன்பின் இரண்டு வருடமாகத் திறக்கவில்லை.